மாமாவைப் பொய் சொல்ல வைத்தது யார்?

கேள்வி: மன்னார்குடி பக்கம் அப்பா நடத்திய அரிசி ஆலையை மூன்று வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். எம்.பி.ஏ. படித்தவன். 'நேர்மை, மரியாதை, பொறுப்பு' என்று பலகை எழுதி ஆபீசில் மாட்டி, மாதம் ஒரு கூட்டமும் போடுகிறேன். ஆனாலும் எடை போடுகிற பையன் மூட்டைக்கு ஒரு கிலோ கூடுதலாகப் பிடித்து வெளியே விற்றிருக்கிறான். யாருக்கும் மனசாட்சி இல்லை. அப்பா காலத்துக் கணக்குப்பிள்ளை மாமாதான் ஒரே ஆறுதல். எழுபது வயதிலும், போட்ட நெல்லுக்குப் பணம் கேட்டு வருகிற விவசாயிகளிடம் நான் ஊரில் இல்லை என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிடுவார். மற்றவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். பையன் திருடியதை நாலு பக்கம் எழுதியிருந்தீர்கள். மாமாவைப் பற்றி ரெண்டே வரி. அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

மாமா அப்படிச் சொல்லும்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள்? உள்ளே, அந்தப் பலகைக்குக் கீழேதானே? உங்கள் கார் வாசலில் நிற்கும். வந்தவர் அதைப் பார்ப்பார். அவர் பார்த்தது மாமாவுக்கும் தெரியும். இரண்டு பெரியவர்கள் முகத்துக்கு முகம் பார்க்காமல் பேசிப் பிரிவதைப் பத்தடி தள்ளி நின்று அந்தப் பையன் கவனித்துக்கொண்டிருப்பான். உங்கள் கூட்டத்தில் அவன் கொட்டாவி விட்டிருக்கலாம். இதைப் பார்த்தபோது விட்டிருக்க மாட்டான்.

வருகிறவர் யார் என்று யோசித்தீர்களா? குறுவை அறுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால், தளர்வு அறிவித்தால் ஒழிய, அரசுக் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள். ரோட்டில் கொட்டிக் காயவைத்துப் பார்த்து, முளைவிட்டுவிடுமோ என்ற பயத்தில் உங்கள் வாசலுக்குக் கொண்டுவருகிறார். நீங்கள் சொல்கிற விலைக்குப் போட்டுவிட்டுப் போகிறார். அந்தப் பணத்தில்தான் அடுத்த போகமான தாளடிக்கு உழவு ஓட்ட வேண்டும், நடவு ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். அங்கே நாற்றுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கும். இங்கே நீங்கள் 'கும்பகோணம் போயிருப்பீர்கள்'.

அரிசிக் கடைக்காரர்களிடமிருந்து பணம் வரவில்லை என்பீர்கள். சரி, இருக்கட்டும். கையில் இல்லாதது குற்றமா என்ன? அதைச் சொல்ல வெட்கப்பட்டு, அந்த வெட்கத்தை ஒரு கிழவர் தலையில் ஏற்றி வைத்தீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முறை வைத்துக் கூப்பிட்டால் அந்த முறைக்குள்ள கடமையும் கூடவே வரும். சொந்தத் தாய்மாமனை வாசலில் நிறுத்திப் பொய் சொல்லச் சொல்வீர்களா? இதற்கு 'பக்குவம்' என்று பெயர் வேறு!

திருவாரூரில் கல்தேரைப் பார்த்திருப்பீர்கள். மனுநீதிச் சோழன் மகனைத் தேர்க்காலில் இட்டதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது மணி. ஒரு பசு மாட்டுக்கு எட்டுகிற உயரத்தில் அதைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான் பாருங்கள்.

பையன் செய்தது திருட்டுதான், விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு கிலோ உங்களுடையதா? நெல் போட்டவருடையது. எடைச் சீட்டுகளை எடுத்துக் கணக்குப் பார்த்து, அவரவர் பணத்தை அவரவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்புறம் அவனை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்பது உங்கள் இஷ்டம்.

அதற்கு முன்னால், இன்று சாயங்காலமே மாமா வீட்டுக்குப் போங்கள். போனில் வேண்டாம். இனி யார் வந்தாலும் என்னிடமே அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். காலையில் நாற்காலியைத் தராசுக்குப் பக்கத்தில் போட்டு உட்காருங்கள். பணம் தருகிற தேதியைச் சீட்டின் பின்பக்கம் உங்கள் கைப்பட எழுதிக் கொடுங்கள். முடியாது என்று தெரிந்தால் முதல் நாளே நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள். திட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வருடமாக மாமா வாங்கிக்கொண்டிருப்பது அதுதான்.