மிக்ஸி என்று பேசினாலே மிக்ஸி விளம்பரம் வருகிறதே?

கேள்வி: வீட்டு மிக்ஸி புகைந்துவிட்டது, புதுசு வாங்க வேண்டும் என்று நானும் கணவரும் சமையலறையில் பேசிக்கொண்டிருந்தோம். என் போனை நான் தொடவே இல்லை. சாயங்காலம் யூடியூபைத் திறந்தால் வரிசையாக மிக்ஸி விளம்பரம். போன் நம் பேச்சை ஒட்டுக்கேட்கிறதா? (வாசகி, மன்னார்குடி)

பதில்: மைக் வழியாகப் போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 2018இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்துப் பார்த்தார்கள். திருட்டுத்தனமாக மைக்கைத் திறந்து பேச்சை வெளியே அனுப்பிய ஆப் ஒன்றுகூட அகப்படவில்லை. ஆனால் வேறொன்று அகப்பட்டது: சில ஆப்கள், நாம் திரையில் தட்டுவதையும் எழுதுவதையும் வீடியோவாகப் பிடித்து, நமக்குத் தெரியாத வேறொரு கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டிருந்தன.

சரி, மிக்ஸி எப்படி வந்தது? முதலில் உங்கள் கணவரிடம் கேளுங்கள், அன்றைக்கு அவர் போனில் மிக்ஸி விலை பார்த்தாரா என்று. ஒரே வைஃபையில் இருக்கும் போன்கள் எல்லாம் வெளியே பொதுவாக ஒரே ஐபி முகவரியில்தான் (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்) தெரியும், அதை வைத்தே இவர்கள் ஒரே வீட்டுக்காரர்கள் என்று விளம்பரக் கம்பெனிகள் கணக்குப் போட்டுவிடும். அப்புறம், பாத்திரக்கடையிலோ எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ பில் போடும்போது "நம்பர் சொல்லுங்க மேடம்" என்பார்களே, நாமும் யோசிக்காமல் சொல்லிவிடுவோம். அந்த நம்பர் பட்டியலை ஒரு கடை கூகுளிலோ ஃபேஸ்புக்கிலோ ஏற்றி, "இவர்களுக்கு என் விளம்பரத்தைக் காட்டு" என்று சொல்ல முடியும். அதற்கென்றே வசதி இருக்கிறது.

இவை தவிர முக்கியமான ஒன்று, உங்கள் போனிலேயே இருக்கும் விளம்பர அடையாள எண். சமையல் குறிப்பு ஆப், கேம், செய்தி ஆப் எல்லாம் தனித்தனிக் கம்பெனியாக இருக்கலாம், ஆனால் ஒவ்வொன்றும் அந்த ஒரே எண்ணோடு தகவல் அனுப்பினால், உதிரிப் பூவை நாரில் கட்டுகிற மாதிரி உங்கள் நாள் முழுவதும் ஒரே சரமாகச் சேர்ந்துவிடும். அந்த எண் எவ்வளவு பணம் பெறும் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 2021 ஏப்ரலில் ஆப்பிள், ஐபோனில் ஒரு ஆப் அந்த எண்ணை எடுக்க வேண்டுமானால் ஆளிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. இதனால் 2022ஆம் ஆண்டில் தங்களுக்குச் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று அந்த ஆண்டு பிப்ரவரியில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே சொன்னது. கேட்டால் மக்கள் வேண்டாம் என்பார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் கூகுள், அதற்குள் ஆட்ஸ் என்று போனால் 'டெலீட் அட்வர்டைசிங் ஐடி' இருக்கும் (சில போன்களில் பிரைவசி பகுதிக்குள் இருக்கும்). அழித்துவிடுங்கள், போன் எப்போதும்போல ஓடும்.

கேள்வி: லொகேஷனை ஆஃப் செய்தே வைத்திருக்கிறேன். போதும்தானே? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

பதில்: போதாது. 'லொகேஷன் ஹிஸ்டரி'யை (நாம் போய்வந்த இடங்களைக் கூகுள் கணக்கில் சேமிக்கும் வசதி) நிறுத்திய பிறகும் கூகுள் இடத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தது 2018இல் வெளியே வந்தது. கூகுளில் நாம் தேடுவதையும் பார்ப்பதையும் சேமிக்கும் 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' என்ற இன்னொரு சுவிட்ச் தானாகவே ஆனில் இருந்தது, காரணம் அதுதான். அமெரிக்காவில் 40 மாநிலங்கள் சேர்ந்து நடவடிக்கை எடுக்க, 2022 நவம்பரில் கூகுள் 39.15 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. உங்கள் கூகுள் கணக்கில் 'டேட்டா அண்ட் பிரைவசி' பகுதியில் அந்த சுவிட்சையும் பாருங்கள்.

கேள்வி: நண்பர் ஒருவர் ஆப்பில் கடன் வாங்கியிருக்கிறார். கட்டவில்லை என்று எனக்கு போன் செய்து அசிங்கமாகப் பேசுகிறார்கள். நான் அந்த ஆப்பையே பார்த்ததில்லை. என் நம்பர் எப்படிப் போனது? (வாசகர், ஆம்பூர்)

பதில்: உங்கள் நண்பரின் போன் வழியாக. அவர் 'அலவ்' தட்டிய நேரத்தில் அவருடைய கான்டாக்ட்ஸ் முழுவதும் அந்த ஆட்களின் சர்வருக்குப் போயிருக்கும்: அம்மா, மச்சான், ஆபீஸ் மேனேஜர், பால்காரர், நீங்கள். உங்களை யாரும் கேட்கவில்லை. எனக்கு இதில் மிகவும் கோபம் வருவது இங்கேதான், ஏனென்றால் நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் நம் பெயரைச் சேமித்து வைத்திருக்கும் இன்னொருவர் ஒருமுறை தட்டினால் போதும். ஆப்பை அழித்தாலும் போன பட்டியல் திரும்பி வராது.

இது சட்டப்படி தவறு. ரிசர்வ் வங்கி விதிகளின்படி கடன் ஆப்கள் போனிலுள்ள கான்டாக்ட்ஸ், கால் பட்டியல், படங்கள் எதையும் தொடக் கூடாது. 2023 மே 31 முதல் ப்ளே ஸ்டோரிலும் கடன் ஆப்கள் கான்டாக்ட்ஸையும் படங்களையும் கேட்கத் தடை இருக்கிறது. அதனால் ப்ளே ஸ்டோரை விட்டுவிட்டு, வாட்ஸப்பில் வரும் ஏபிகே (ஆப்பை நேரடியாகப் போனில் ஏற்றும் ஃபைல்) லிங்க்கைத் தட்டிக் கடன் ஆப் எதையும் ஏற்றாதீர்கள். நீங்கள் இப்போது அவர்களோடு வாதாட வேண்டாம், பணமும் கட்ட வேண்டாம். எண், நேரம், மெசேஜ் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் கிரைம் உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள், சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியுங்கள். நண்பரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு உங்களைவிட மோசமாக மிரட்டல் வந்துகொண்டிருக்கும், அவரையும் புகார் கொடுக்க வையுங்கள்.

கேள்வி: எந்த ஆப்புக்கு எந்த அனுமதி தேவை என்று எப்படித் தெரிந்துகொள்வது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்)

பதில்: அந்த வேலைக்கு இது எதற்கு என்று கேட்டால் போதும் சார். 2013இல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் ஒரு டார்ச் ஆப்பைப் பிடித்தது. கோடிக்கணக்கானவர்கள் இறக்கிய ஆப், வெளிச்சம் கொடுப்பதுதான் அதன் வேலை, ஆனால் ஆள் இருக்கும் இடத்தை விளம்பரக் கம்பெனிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

போன மாதம் என் அம்மாவின் போனைப் பார்த்தேன். ராகுகாலம் பார்க்க வைத்திருக்கும் காலண்டர் ஆப்பில் லொகேஷன், கான்டாக்ட்ஸ், மைக் மூன்றும் திறந்திருந்தன. சூரிய உதயத்தை வைத்து நேரம் கணிப்பதால் ஊர் தெரிய வேண்டும், அது நியாயம், அதற்கும் தெருவரை துல்லியம் வேண்டாம். ஆண்ட்ராய்டு 12 முதல் 'அப்ராக்ஸிமேட்' என்று தோராயமாக மட்டும் கொடுக்கலாம். அப்படி மாற்றிவிட்டு மற்ற இரண்டையும் மூடினேன். மறுநாள் காலையும் அம்மா அதில்தான் ராகுகாலம் பார்த்தார்.