கிணற்று நீரின் இருட்டு: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை சென்னையில் ஓர் ஓவியரின் ஒருவாரக் கண்காட்சி நிறைவடைந்தது. மொத்தம் 30 நீர்வண்ண ஓவியங்கள். எல்லாம் நன்றாக இருந்தன. நிறைவு நாளன்று பார்வையாளர்களும் ஓவியருடன் அமர்ந்து வரையலாம் என்று அறிவித்திருந்தார்கள். கட்டணம் 500 ரூபாய். வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நான் பள்ளிக்குப் பிறகு தூரிகையைத் தொட்டதில்லை. அவருடைய கிணற்று ஓவியம் பிடித்திருந்ததால் நானும் ஒரு கிணற்றை வரைய முயன்றேன். தண்ணீருக்கு நீலமும் கறுப்பும் பூசினேன். தார் ஊற்றியதுபோல் ஆகிவிட்டது. அவருடைய கிணற்றிலும் இருட்டுதான் இருக்கிறது, ஆனால் அது கறுப்பு இல்லை. இடது ஓரத்தில் படிக்கட்டின் செங்கல் நிறம் அந்த இருட்டுக்குள்ளேயே கசிந்து இறங்குகிறது. நடுவில் வானம் நகத்தளவு வெளிச்சமாகக் கிடக்கிறது. அதை எப்படிச் செய்தார் என்று இன்னும் புரியவில்லை. என் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன்.

முப்பது பேர் அரட்டையடித்தபடி வண்ணம் பூசுவதைக் கலை என்று சொல்லலாமா? பல ஆண்டுகள் உழைத்த ஓர் ஓவியர் மேசை மேசையாகச் சென்று தண்ணீர்க் கிண்ணம் மாற்றிக் கொடுப்பது அவருக்குக் கௌரவக் குறைவு இல்லையா? நாங்கள் வரைந்துகொண்டிருக்கும்போதே சுவரிலிருந்த ஓவியங்களைக் கழற்றிக் கட்டத் தொடங்கியதையும் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் கேட்ட கேள்விக்கான பதிலை அதிலேயே எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. முப்பது ஓவியங்களைப் பற்றி நீங்கள் சொன்னது ‘நன்றாக இருந்தன’ என்ற இரண்டு சொற்கள்தான். ஆனால் அந்தக் கிணற்றைப் பற்றி, இருட்டு கறுப்பாக இல்லை என்றும், செங்கல் நிறம் அதற்குள் கசிகிறது என்றும், வானம் நகத்தளவு கிடக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். வரைந்து தோற்றிராவிட்டால் இந்த வரிகளை நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள். கண் மட்டும் பார்க்கும்போது ‘கிணறு’ என்று பெயர் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. கையும் ஒருமுறை முயன்று தோற்ற பிறகுதான் இந்த மனிதர் இதை எப்படிச் செய்தார் என்ற கேள்வி பிறக்கிறது, அந்தக் கேள்வியோடு பார்ப்பதைத்தான் நான் ஓவியம் பார்ப்பது என்பேன்.

அந்த ஓவியத்தை நான் பார்த்ததில்லை. ஆயினும் நீர்வண்ணம் என்று நீங்கள் சொல்வதால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. நீர்வண்ணக்காரர்கள் பலர் குழாயில் வரும் கறுப்பைத் தொடுவதில்லை. அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற சுட்ட மண்ணின் செம்பழுப்பையும் கலந்தால் கறுப்புக்கு மிக அருகிலான ஓர் அடர்த்தி கிடைக்கும். நீலம் கூடினால் அது குளிரும், பழுப்பு கூடினால் சூடேறும். செங்கல் நிறம் இருட்டுக்குள் கசிவதாக நீங்கள் கண்டது, அந்த இருட்டிலேயே செம்பழுப்பு கலந்திருப்பதால் இருக்கலாம். நடுவிலுள்ள வெளிச்சமோ அநேகமாகப் பூசப்பட்டதே அல்ல, வெறும் தாள். நீர்வண்ணத்தில் வெள்ளையைப் பின்னால் சேர்ப்பது கடினம் என்பதால், முதல் தீற்றலுக்கு முன்பே எதைத் தொடாமல் விடுவது என்று ஓவியர் முடிவு செய்திருக்க வேண்டும். சுற்றிலும் இத்தனை இருட்டை ஏற்றும்போது அந்த நகத்தளவு இடத்தை ஈரம் தொடாமல் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது ஒரு தாளைப் பாழாக்கியவருக்குத்தான் தெரியும்.

கௌரவத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 1834 அக்டோபரில் லண்டன் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. அந்தக் காட்சியை ஓவியமாக்கிய ஆங்கிலேய ஓவியர் டர்னர், 1835இல் அதைப் பிரிட்டிஷ் இன்ஸ்டிட்யூஷன் கண்காட்சிக்கு ஏறத்தாழ வெறும் அடிப்பூச்சாகவே அனுப்பினார். திறப்புக்கு முன், ஓவியர்கள் தங்கள் படைப்புகளுக்கு வார்னிஷ் பூசிச் சரிபார்க்கும் நாளில், சக ஓவியர்கள் சூழ்ந்து பார்க்க அங்கேயே சுவரில் வைத்து வரைந்து முடித்தார். முடித்ததும் பெட்டியை மூடிக்கொண்டு ஓவியத்தைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார் என்று அன்று அங்கிருந்த ஓர் ஓவியர் எழுதிவைத்திருக்கிறார். பிறர் கண்முன் வேலை செய்ததால் டர்னரின் மதிப்பு குறையவில்லை. தண்ணீர்க் கிண்ணம் மாற்றிய உங்கள் ஓவியரின் மதிப்பு என் மனத்தில் கூடத்தான் செய்கிறது, ஏனென்றால் அழுக்கான நீரில் நிறம் செத்துப்போகும் என்பது அவருக்குத் தெரியும், உங்களுக்கு அப்போது தெரிந்திருக்காது.

அது கலையா என்ற கேள்விக்கு ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். பார்வையாளரின் கை பட்டால்தான் படைப்பு நிறைவடையும் என்று தொடக்கத்திலேயே தீர்மானித்துச் செய்யப்படும் படைப்புகள் உண்டு. 1966இல் லண்டனின் இண்டிகா கேலரியில் ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோ ஒரு வெள்ளைப் பலகையையும் வண்ணங்களையும் வைத்து, வருகிறவர்கள் நிறம் சேர்க்கட்டும் என்று விட்டார். 2024இல் லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் அவருடைய வெள்ளைப் படகும் அது நின்ற வெள்ளை அறையும் பார்வையாளர்களின் நீல எழுத்துகளால் நிரம்பின. அங்கே நீங்கள் எழுதுவது படைப்பின் பகுதி. நீங்கள் சென்ற அமர்வு அப்படி எதையும் கோரவில்லை. அங்கே வரைந்தவை சுவரேற வேண்டியவை அல்ல. எனவே அவை கலையா என்று தேர்வு வைக்க வேண்டியதும் இல்லை.

ஆனால் ‘பார்வையாளர்களும் வரையலாம்’ என்ற பெயரில் நடப்பதையெல்லாம் நான் ஆதரிக்கிறேன் என்று கொள்ள வேண்டாம். ஒரே படத்தை முன்னால் வைத்து, இப்போது நீலம், இப்போது பச்சை என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுத்து, முடிவில் எல்லோரும் ஒரே சூரியாஸ்தமனத்தை வீட்டுக்குக் கொண்டுபோகும் அமர்வுகள் நகரங்களில் பெருகியுள்ளன. பொழுதுபோக்காக அது தவறில்லை, ஆனால் அதில் யாரும் எதிலும் தோற்பதில்லை என்பதால் யாருக்கும் கேள்வி எழுவதில்லை.

கட்டணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, மெழுகு வைத்துச் சாயமேற்றும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் விற்ற பணம்தான் அவர்களுக்குக் கைகொடுத்தது. ஓவியம் சந்தைக்கு வளையாமல் இருக்க வேண்டுமானால் ஓவியர் வேறு ஏதாவது வழியில் சாப்பிட்டாக வேண்டும்.

உங்கள் கடைசி வரியில்தான் எனக்கு உண்மையான வருத்தம். கழற்றிக் கட்டும் வேலையை மறுநாள் காலைக்கு ஒத்திவைத்திருக்க வேண்டும். தூரிகையைக் கீழே வைத்த கையோடு நீங்கள் எழுந்து போய் அந்தக் கிணற்றின் முன் இன்னொரு முறை நின்றிருக்க வேண்டும். அமர்வின் பாதிப் பயன் அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது, அதை உங்களுக்கு இல்லாமல் செய்துவிட்டார்கள். அந்த ஓவியம் விற்காமல் அவரிடமே இருந்தால், ஒருநாள் கேட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். போகும் முன் வீட்டில் இன்னொரு தாளில், கறுப்பைத் தொடாமல், அந்த நீலத்தையும் செம்பழுப்பையும் மட்டும் கலந்து பாருங்கள். இந்தத் தாளைக் கிழிக்காமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அவரிடம் காட்டிக் கேட்பதற்கு அது வேண்டியிருக்கும்.

அன்புடன்.