மீந்த வான்கோழி ஞாயிற்றுக்கிழமை வரை தாங்குமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு 14 பவுண்டு வான்கோழியை வீட்டிலேயே ஓவனில் சுட்டோம். மாலை ஏழரைக்கு வெளியே எடுத்தது. ஒன்பது மணிக்குள் மீந்த கறியை எலும்பிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். மறுநாள் மைக்ரோவேவில் சூடாக்கினால் சக்கையாக இருக்கிறது, ஒரு மாதிரி பழைய வாடையும் அடிக்கிறது. பிள்ளைகள் தொடவில்லை. இது போக, தெரிந்தவர் மூலம் வீட்டுச் சமையல்காரர் ஒருவரிடம் வாங்கிய மசாலா வான்கோழியும் அரை ட்ரே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை ஆறு பேருக்கு ஓவனில் ஏதாவது செய்யலாமா? கெட்டுப்போயிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. மாமியாருக்கு ரத்தக்கொதிப்பு உண்டு.

பதில்: வீட்டில் சுட்டதைத் தாராளமாகச் செய்யுங்கள். ட்ரேயில் வந்ததைக் குப்பையில் போட்டுவிடுங்கள். காரணம் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த வாடையைப் பற்றி.

நீங்கள் முகர்ந்தது கெட்டுப்போன நாற்றம் இல்லை. வான்கோழிக் கொழுப்பு சீக்கிரம் காற்றுபட்டுச் சிக்கடிக்கும் வகை. வெந்த கறியில் இருக்கும் இரும்புச் சத்து அதை இன்னும் வேகப்படுத்தும். ஒரே இரவில் பழைய அட்டை வாடை வந்துவிடும், மைக்ரோவேவில் வைத்தால் அது தூக்கலாகத் தெரியும். சாப்பிட்டால் கெடுதல் ஒன்றும் இல்லை, ருசிதான் போச்சு. இதற்கு நேர்மாறான விஷயத்தைத்தான் நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். ஆளைப் படுக்கவைக்கும் கிருமிகள் பல நேரம் எந்த வாடையும் தராது. மூக்கை நம்பித் தூக்கிப் போடவும் வேண்டாம், மூக்கை நம்பிச் சாப்பிடவும் வேண்டாம். நேரத்தை நம்புங்கள்.

நேரக் கணக்கு எளிது. வெந்த கறி வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஃப்ரிட்ஜில் 40 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே (4 செல்சியஸ்) மூன்று முதல் நான்கு நாள். அமெரிக்க வேளாண் துறை சொல்வது இதுதான். நீங்கள் ஒன்றரை மணி நேரத்தில் உள்ளே வைத்துவிட்டீர்கள், எலும்பிலிருந்து பிரித்தும் வைத்தீர்கள், மிக நல்லது. ஞாயிறு மூன்றாம் நாள். திங்கள் இரவோடு கெடு முடிகிறது. டப்பா ஆழமாக இல்லாமல் தட்டையாக இருந்திருந்தால் இன்னும் நல்லது. ஆழமான பாத்திரத்தில் நடுக்கறி ஆறவே பல மணி நேரம் ஆகும். ஓவன் சூட்டிலும் சாகாத விதைகளைக் கொண்ட ஒரு கிருமி, குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ், அந்த வெதுவெதுப்பில்தான் பெருகும். நவம்பர், டிசம்பர் விருந்துகளுக்குப் பிறகு ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சாப்பிட்ட 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்றுவலியும் போக்கும் வரும்.

நான்கு நாள் கணக்குக்கு ஒரே விலக்கு ஃப்ரீசர். இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் பேர் குழம்புவது இங்கேதான். ஃப்ரீசரில் வைத்தால் கெடுவது நிற்கும், ஆனால் கழிந்த நாள் திரும்ப வராது. நான்காம் நாள் இரவு, "சரி, ஃப்ரீசரில் போட்டு வைப்போம்" என்று தூக்கி வைத்த கறி, ஒரு மாதம் கழித்து வெளியே வரும்போதும் நான்காம் நாள் கறிதான். இரண்டாம் நாள் வைத்திருந்தால் அது இரண்டாம் நாள் கறி, உருகிய பிறகு மீதி இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். உருக வைப்பது ஃப்ரிட்ஜுக்குள்ளேயே நடக்க வேண்டும், முந்தின இரவே எடுத்துக் கீழ்த்தட்டில் வையுங்கள். மைக்ரோவேவிலோ குளிர்ந்த நீரிலோ உருக்கினால் அந்தக் கையோடு அடுப்பில் ஏற்ற வேண்டும், "அப்புறம் பார்க்கலாம்" கூடாது. மேடையில் வைத்து உருக்குவது வேண்டவே வேண்டாம். ஃப்ரிட்ஜில் உருகியதை மனம் மாறி மறுபடி உறைய வைக்கலாம், அதில் தவறில்லை, கொஞ்சம் சாறு போகும். குழம்பிலோ சாஸிலோ மூழ்க வைத்து உறைய வைத்தால் மூன்று மாதம் வரை ருசி நிற்கும். வெறும் கறியாக வைத்தால் அதே அட்டை வாடை ஃப்ரீசருக்குள்ளும் வரும். பையில் தேதியை எழுதுங்கள். வைத்த தேதியை அல்ல, சுட்ட தேதியை.

இனி அந்த ட்ரே. அந்த வான்கோழி எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து இறங்கியது என்று உங்களுக்குத் தெரியுமா? எத்தனை மணி நேரம் யாருடைய காரின் பின்சீட்டில் ஃபாயில் போர்த்தி இருந்தது? தெரியாது. ஆர்டர் எடுத்த இடைத்தரகரைக் கேட்டால் "சூடாத்தான் கொடுத்தோம்" என்பார். கை வைத்தால் சுடுகிறது என்பது கணக்கே இல்லை. 140 டிகிரிக்கு (60 செல்சியஸ்) மேலே இருந்ததா என்பதுதான் கேள்வி, அதை யாரும் அளப்பதில்லை. விருந்துக் காலம் வந்தால் வாட்ஸ்அப் குழு முழுக்க இந்த ஆர்டர்தான். சமைப்பவர் ஒருவர், பணம் வாங்குபவர் ஒருவர், கொண்டு வருபவர் ஒருவர். வயிறு கெட்டால் மூவரில் ஒருவரும் பொறுப்பில்லை. நியூ ஜெர்சியில் வீட்டுச் சமையலை விற்க 2021இல்தான் அனுமதி முறை வந்தது, அதுவும் ஃப்ரிட்ஜ் தேவைப்படாத பிஸ்கட், ரொட்டி, கேக் போன்ற வகைகளுக்கு மட்டும். வீட்டு அடுப்பில் வெந்த இறைச்சியை விற்க அதில் இடமே இல்லை. சட்டம் இருக்கிறது, ஆனால் பண்டிகை வாரத்தில் யார் வந்து பார்க்கிறார்கள்? பார்க்காத வரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை வாங்கியே தீர வேண்டுமென்றால் உரிமம் உள்ள உணவகத்தில் வாங்குங்கள், இறக்கிய நேரத்தைக் கேளுங்கள்.

மறுபடி நன்றாகக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். கிருமி சாகும். சில கிருமிகள் ஏற்கெனவே கக்கி வைத்த நஞ்சு கொதித்தாலும் போகாது. ஆகவே ட்ரே வேண்டாம், அதில் கொஞ்சத்தை நல்ல கறியில் கலக்கவும் வேண்டாம்.

சமையலுக்கு வருவோம். கறியை வெள்ளை சாஸில் போட்டு, மேலே மூடி மாதிரி ஒன்றைப் பரப்பி ஓவனில் வைப்பதுதான் திட்டம். உங்கள் கறி ஏற்கெனவே வெந்தாயிற்று. இனி ஓவனின் வேலை அதைச் சாஸுக்குள் வைத்துச் சூடாக்குவது மட்டும். இதை மறந்து இன்னொரு முறை வேக வைப்பதால்தான் சக்கையாகிறது. பிள்ளைகளும் பெரியவரும் இருப்பதால் மேலே பேஸ்ட்ரி போடுவதை விட மசித்த உருளைக்கிழங்கு மூடி நல்லது. மெல்ல எளிது, ஈரத்தையும் உள்ளே பிடித்து வைக்கும். விருந்தில் மீந்த மசியல் இருந்தால், அதுவும் அதே நான்கு நாள் கணக்குக்குள் இருந்தால், அதையே போடலாம்.

13க்கு 9 அங்குலப் பாத்திரம் ஒன்றுக்கு, ஆறு பேருக்கு: கறி 650 கிராம், தோல் நீக்கியது. வெண்ணெய் 60 கிராம், மைதா 60 கிராம், எலும்புச் சாறு 600 மில்லி, பால் 200 மில்லி. பெரிய வெங்காயம் ஒன்று, கேரட் இரண்டு, செலரி இரண்டு தண்டு, உறைந்த பட்டாணி ஒரு கப். பூண்டு நான்கு பல், தட்டிய இஞ்சி ஒரு தேக்கரண்டி, புதிதாகப் பொடித்த மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, கிராம்பு இரண்டைப் பொடித்தது. இந்த மசாலா வெறும் வாசனைக்கு அல்ல. அந்தச் சிக்கு வாடையை அமுக்கும். மூடிக்கு உருளைக்கிழங்கு 900 கிராம், வெண்ணெய் 50 கிராம், சூடான பால் 100 மில்லி.

எலும்புக்கூட்டைத் தூக்கிப் போடவில்லையே? அதுவும் அன்றிரவே ஃப்ரிட்ஜுக்குள் போயிருந்தால், உடைத்துக் குக்கரில் போட்டு மூழ்கத் தண்ணீர் விட்டு, ஒரு வெங்காயம், பத்து மிளகு சேர்த்து, விசில் வந்ததும் தீயைக் குறைத்து 45 நிமிடம் வையுங்கள். உப்பு வேண்டாம். இந்தச் சாறு ஆறினால் அல்வா போல் உறையும், சாஸுக்கு உடம்பு தருவது அதுதான்.

உப்பில்தான் மாமியாருக்கு ஆபத்து. கடையில் விற்கும் உறைந்த வான்கோழிகளில் நிறைய, உப்புநீர் ஊசி போட்டவை. உறையில் இத்தனை சதவீதம் கரைசல் சேர்த்தது என்று இருக்கும். 8 சதவீதம் என்றால் நூறு ரூபாய்ச் சரக்கில் ஏழு ரூபாய்க்கு மேல் உப்புத் தண்ணீருக்குப் போகிறது என்று அர்த்தம். சிலவற்றில் "ஹார்மோன் சேர்க்காதது" என்றும் இருக்கும். அமெரிக்காவில் எந்தக் கோழிக்கும் வான்கோழிக்கும் ஹார்மோன் கொடுக்கவே அனுமதி இல்லை, அதற்கு ஏன் கூடுதல் விலை?  உப்புநீர் ஏற்றிய கறியோடு டின்னில் வரும் கிரீம் சூப், கடை ஸ்டாக், உப்பு வெண்ணெய் மூன்றும் சேர்ந்தால் கடலைக் குடித்த மாதிரிதான். டின் சூப் வேண்டாம். வெள்ளை சாஸ் செய்யப் பத்து நிமிடம் போதும். உப்பில்லாத வெண்ணெய் எடுங்கள். கறியைச் சேர்த்து ருசி பார்க்கும் வரை ஒரு சிட்டிகை உப்பும் போடாதீர்கள்.

உருளைக்கிழங்கை வேக வைத்து, நீரை வடித்து, வெறும் பாத்திரத்தில் ஒரு நிமிடம் அடுப்பில் குலுக்கி ஈரம் போக்கிவிட்டு மசியுங்கள். வெண்ணெய் முதலில், பால் பிறகு. மிக்ஸியில் போட்டால் பசையாகிவிடும். மசியல் கெட்டியாக, கரண்டியைக் கவிழ்த்தால் விழாமல் நிற்க வேண்டும்.

வெண்ணெயில் வெங்காயம், கேரட், செலரியைப் பத்து நிமிடம் வதக்குங்கள். ஓவனில் கேரட் இதற்கு மேல் அதிகம் வேகாது, இங்கேயே முக்கால் வேக்காடு வர வேண்டும். இஞ்சி, பூண்டு, மிளகு, கிராம்புப் பொடி, பிறகு மைதா. மிதமான தீயில் இரண்டு நிமிடம் புரட்டினால் பச்சை மாவு வாடை போகும். வெதுவெதுப்பான சாற்றை முதலில் அரைக் கரண்டி, கெட்டியானதும் இன்னும் அரைக் கரண்டி என்று ஆரம்பித்து, கூழ்ப் பதம் வந்த பிறகு மீதியை ஊற்றுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். பால் கடைசியில். ஐந்து நிமிடம் கொதித்ததும் கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்க வேண்டும், ஆனால் நீங்கள் நினைப்பதை விடக் கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும். கறியும் கிழங்கும் இழுத்துக்கொள்ளும். தக்காளி, எலுமிச்சை சேர்க்காதீர்கள், பால் திரியும். புளிப்பு வேண்டுமென்றால் தட்டில் பிழிந்துகொள்ளலாம்.

தொடைக் கறியை நீளமாகப் பிய்த்து, சாஸ் கொதிக்கும்போதே போடலாம். அது தாங்கும். நெஞ்சுக் கறி தாங்காது. அதை நாருக்குக் குறுக்கே முக்கால் அங்குலத் துண்டாக வெட்டி, அடுப்பை அணைத்த பிறகு பட்டாணியோடு சேர்த்துக் கிளறுங்கள். எல்லாத் துண்டும் சாஸில் மூழ்கியிருக்க வேண்டும், மேலே நீட்டிக்கொண்டிருப்பது காயும்.

பாத்திரத்தில் ஊற்றிப் பதினைந்து நிமிடம் ஆற விடுங்கள். கொதிக்கும் சாஸ் மேல் மசியலை வைத்தால் அது உள்ளே முழுகிவிடும். ஓரத்திலிருந்து நடுவுக்குப் பரப்பி, ஓரத்தை அழுத்தி ஒட்டுங்கள். முள்கரண்டியால் மேலே கோடு இழுத்தால் அந்த முகடுகள் நன்றாகச் சிவக்கும். 375 டிகிரியில் (190 செல்சியஸ்) 30 முதல் 35 நிமிடம். அடியில் ஒரு தட்டு வையுங்கள், பொங்கும். ஓரம் கொதிப்பதை மட்டும் நம்பாமல் தெர்மாமீட்டரை நடுவில் குத்துங்கள், 165 டிகிரி (74 செல்சியஸ்) காட்ட வேண்டும். வெளியே எடுத்துப் பத்து நிமிடம் விட்டால்தான் சாஸ் இறுகும், உடனே வெட்டினால் ஓடும்.

சனிக்கிழமையே தயார் செய்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம். அப்போது நேரம் கூடும். ஃபாயில் மூடி 40 நிமிடம், திறந்து 20 நிமிடம். ஆனால் கண்ணாடிப் பாத்திரத்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சூடான ஓவனுக்குள் வைக்காதீர்கள், வெடிக்கும். தகரப் பாத்திரம் எடுங்கள்.

செய்ததிலும் மீந்தால் திங்கள் இரவோடு முடியுங்கள். ஓவனில் வைத்து எடுத்ததால் கறிக்குப் புதிதாக நான்கு நாள் கிடைக்காது.