மெத்வேஜாவின் கல்லறைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு நாவல் எழுதிவருகிறேன். களம், 1732ஆம் ஆண்டில் செர்பிய எல்லைக் கிராமமான மெத்வேஜா. அங்கே இறந்தவர்கள் ரத்தக்காட்டேரிகளாக எழுந்துவந்து உயிரோடிருப்பவர்களைக் கொல்வதாகக் கிளம்பிய புகாரை விசாரிக்க, ஆஸ்திரிய ராணுவம் ஓர் அறுவை மருத்துவரை அனுப்பியது என்று படித்தேன். அதைக் கோதிக் (இருளும் அச்சமும் நிறைந்த ஐரோப்பியத் திகில் கதைமரபு) சாயல்கொண்ட அறிவியல் புனைவாகவும், பனிக்காலத்துச் சாகசக் கதையாகவும் எழுத ஆசை. என் கதையில் கிராமத்துக் கிணற்றில் விண்கல் ஒன்று விழுந்திருக்கிறது. அதிலிருந்து வந்த ஒட்டுண்ணியே பிணங்களை இயக்குகிறது. மருத்துவர் அதைக் கண்டுபிடித்து ஊராரை மூடநம்பிக்கையிலிருந்து மீட்கிறார். குன்றின்மேல் ஒரு பாழடைந்த கோட்டையும் உண்டு. மூன்று அத்தியாயங்களைப் படித்த நண்பர்கள், காரணத்தைச் சொல்லிவிட்டால் பயம் போய்விடும், கோதிக்கும் அறிவியலும் ஒரே கதையில் சேர்ந்து நிற்காது என்கிறார்கள். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் நண்பர்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்கள் கூற்றை மறுப்பதற்கு நீங்கள் தேர்ந்தெடுத்த ஊரே போதும். இறந்தவர்கள் எழுந்து வருகிறார்கள் என்று மெத்வேஜா மக்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தவரை அது ஓர் எல்லைப்புறக் கிராமத்தின் துயரமாக மட்டுமே இருந்தது. யோஹான் ஃப்ளூக்கிங்கர் என்ற படைப்பிரிவு மருத்துவர் ஜனவரி மாதக் குளிரில் கல்லறைகளைத் தோண்டச் செய்து, பிணங்களை அறுத்துப் பார்த்து, கண்டதையெல்லாம் வரிசையாக எழுதி, வேறு இரண்டு மருத்துவர்களும் இரண்டு ராணுவ அதிகாரிகளும் உடன் சாட்சிகளாக நிற்க, 1732 ஜனவரி 26 அன்று பெல்கிரேடில் அதில் கையெழுத்திட்ட பிறகுதான் ஐரோப்பா முழுவதும் அந்தக் கிராமத்தின் பெயரை அறிந்தது. அதே ஆண்டில் பெர்லினில் இருந்த பிரஷ்ய அறிவியல் கழகம் அதைப் பற்றிக் கருத்துரை வழங்க வேண்டியதாயிற்று. படித்தவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது ஒரு மருத்துவரின் அறிக்கை. உங்கள் நாவலில் அச்சம் பிறக்க வேண்டிய இடமும் அந்த அறிக்கையே என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது.

அந்த அறிக்கையின் நடையைக் கவனியுங்கள். அதில் நடுக்கம் இல்லை, உவமை இல்லை, மழையும் இடியும் இல்லை. இறந்தவரின் பெயர், வயது, நோய் கிடந்த நாட்கள், மண்ணுக்குள் கிடந்த காலம், திறந்ததும் கண்டது என்ற ஒழுங்கிலேயே அது செல்கிறது. ஸ்தானா என்ற இருபது வயதுப் பெண் பிரசவத்துக்குப் பின் மூன்று நாள் நோயுற்று இறந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. அவளுடைய உடல் அழுகியிருக்கவில்லை. மார்புக்குள் உறையாத ரத்தம் இருந்தது. கைகால்களின் தோல் பழைய நகங்களோடு கழன்று வர, அடியில் புதிய நகங்கள் தெரிந்தன. அறுபது வயது மிலித்ஸாவின் பிணத்தைப் பார்த்த கிராமத்துக் காவல்வீரர்கள், பல ஆண்டுகளாகத் தங்களுக்குத் தெரிந்த அந்தப் பெண் வாழ்நாள் முழுவதும் வற்றி மெலிந்தவளாகவே இருந்தாள், கல்லறைக்குள் கிடந்துதான் சதை பிடித்திருக்கிறாள் என்று வியந்து கூறியதையும் மருத்துவர் அப்படியே எழுதிவைத்திருக்கிறார். கோதிக் எழுத்தாளர் ஒருவர் பத்துப் பக்கம் எழுதியும் எட்ட முடியாத அச்சத்தை அந்த ஒரு வரி எட்டிவிடுகிறது.

அதைவிட முக்கியமான ஒரு செய்தி அந்த அறிக்கையில் இருக்கிறது. உங்கள் மூன்று அத்தியாயங்களில் அதைக் காணாதது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. தோண்டப்பட்ட உடல்கள் எல்லாமே அழுகாமல் இருந்தவை அல்ல. ஊர்த்தலைவரின் மனைவியும் அவளுடைய குழந்தையும் முற்றிலும் சிதைந்துபோயிருந்தார்கள். அவர்களைப் புதைத்த மண், அருகிலேயே அழுகாமல் கிடந்தவர்களின் மண்ணைப் போன்றதுதான் என்று ஃப்ளூக்கிங்கர் குறிப்பாக எழுதுகிறார். ஒரே இடுகாடு, ஒரே குளிர்காலம், ஆனால் இரண்டு விதமான முடிவுகள். சோதனைக்கூடத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தனியே வைக்கும் மாதிரியைப் போன்ற ஒன்றை அந்த இடுகாடு தானாகவே அவருக்குக் கொடுத்திருக்கிறது. அறிவியல் மனம் கொண்ட எவரையும் உறங்கவிடாத கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. சிதைந்த உடல்கள் மீண்டும் அவற்றின் குழிகளிலேயே வைக்கப்பட்டன. மற்றவற்றின் தலைகள் ஜிப்ஸிகளைக் கொண்டு வெட்டப்பட்டு, உடல்கள் எரிக்கப்பட்டு, சாம்பல் மொராவா ஆற்றில் கொட்டப்பட்டது.

இனி, ஊராரை மூடநம்பிக்கையிலிருந்து மீட்கும் மருத்துவரைப் பற்றி. அவரை நீங்கள் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மெத்வேஜா மக்கள் தங்களுக்குக் கிடைத்த சான்றுகளைக் கொண்டு மிகக் கவனமாகவே சிந்தித்தார்கள். அர்னோட் பாவ்லே என்ற காவல்வீரன், துருக்கிய ஆட்சிப் பகுதியில் இருந்தபோது ஒரு காட்டேரியால் துன்புற்றதாகச் சொல்லிவந்தவன், வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து இறந்தான். அவன் வந்து தொல்லை தருவதாகச் சிலர் சொன்னார்கள், நால்வர் இறந்தார்கள். நாற்பது நாள் கழித்து அவனைத் தோண்டி எடுத்து மார்பில் கழுமரம் இறக்கியபோது அவன் தெளிவாகக் கேட்கும்படி முனகினான் என்கிறது அறிக்கை. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்து, மூன்று மாதங்களுக்குள் பதினேழு பேர் இறந்தபோது, பாவ்லே தாக்கிய ஆடுமாடுகளின் இறைச்சியைத் தின்றவர்கள் வழியாக அந்தத் தீமை மீண்டும் பரவியிருக்கிறது என்று ஊரார் விளக்கினார்கள். மிலித்ஸா அப்படிப்பட்ட ஆட்டிறைச்சியைத் தின்றவள் என்று அடையாளம் காட்டினார்கள். நோயைச் சுமப்பவர், அது பரவும் வழி, வெளிப்படாமல் அடங்கியிருக்கும் காலம் என எல்லாம் அந்த விளக்கத்தில் இருக்கின்றன. தொற்று என்ற ஒன்றை அவர்கள் சரியாக உணர்ந்திருந்தார்கள், அதைச் சுமப்பது எது என்பது மட்டுமே அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்து மருத்துவர்களுக்கும் தெரியாது. 1731 டிசம்பரில் முதலில் வந்த க்ளாஸர் தொற்றுநோய்களைக் கவனிப்பதற்கென்றே நியமிக்கப்பட்ட மருத்துவர். தொற்று எதுவும் இல்லை, கடுமையான விரதத்தால் வந்த நலிவுதான் என்று அவர் கருதினார். இரவில் இரண்டு மூன்று வீட்டார் ஒரே வீட்டில் கூடி, சிலர் உறங்கச் சிலர் விழித்துக் காவல் இருப்பதை அவரே பதிவு செய்தார். மருத்துவரின் விளக்கம் அந்தக் காவலை ஓர் இரவுகூட நிறுத்தவில்லை.

அதிகாரியின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன், 1725இல், கிசிலியெவோ என்ற மற்றொரு செர்பியக் கிராமத்தில் பீட்டர் பிளோகோயோவிட்ஸ் என்பவர் இறந்த பின் எட்டு நாட்களுக்குள் ஒன்பது பேர் இறந்தார்கள். பெல்கிரேடிலிருந்து அனுமதி வரும்வரை பொறுக்கும்படி ஃப்ரோம்பால்ட் என்ற நிர்வாக அதிகாரி கேட்டுக்கொண்டும் ஊரார் இணங்கவில்லை. உடனே கல்லறையைத் திறக்காவிட்டால் வீடுவாசலை விட்டு ஊரையே காலி செய்துவிடுவோம் என்றார்கள். அவர் பாதிரியாருடன் சென்று எல்லாவற்றையும் பார்த்து எழுதிவிட்டு, இதில் தவறு நேர்ந்திருந்தால் அது தன்னைச் சேராது, அச்சத்தால் நிலைகுலைந்த மக்களையே சேரும் என்று முடித்தார். உங்கள் மருத்துவருக்கு இந்த மனிதரின் சாயலைக் கொடுங்கள். கிராமத்தை மீட்க வந்த வீரனைவிட, கிராமம் சொல்வதில் கையெழுத்திட வேண்டிய நிலைக்கு மெல்ல மெல்லத் தள்ளப்படும் படித்த மனிதன் எனக்குப் பலமடங்கு அச்சம் தருகிறான்.

இன்றைய மருத்துவம் இந்த அறிகுறிகளுக்கெல்லாம் விடை சொல்கிறது. குளிர் அழுகலைத் தாமதப்படுத்தும், உடலுக்குள் உண்டாகும் வாயு பிணத்தை உப்பச்செய்யும், சிதைவில் பிறக்கும் செந்நிறத் திரவம் வாயிலும் மூக்கிலும் வழியும், மேல்தோல் நகத்தோடு கழலும்போது அடியில் தெரியும் பளபளப்பான படுகை புதிய நகம்போலத் தோன்றும், மார்பை அழுத்தும்போது வாயு தொண்டை வழியே வெளியேறி முனகலாகக் கேட்கும். இவற்றை நீங்கள் அறிந்திருக்க வேண்டும், ஆனால் உங்கள் மருத்துவரின் வாயில் வைக்கக் கூடாது. அவர் காலத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தது. டச்சு ஆய்வாளர் லேவன்ஹூக் நீர்த்துளியில் நுண்ணுயிர்களைக் கண்டு அரை நூற்றாண்டு கடந்திருந்தது. ஆயினும் அந்த உயிர்களையும் நோயையும் இணைக்கும் உறுதியான அறிவு எவரிடமும் இல்லை. கருவி இருந்தும் கோட்பாடு இல்லாத அந்த இடைவெளியில்தான் உங்கள் கதை நடக்கிறது.

விண்கல்லில் எனக்கு இருக்கும் தயக்கமும் இதே காரணத்தால்தான். வானிலிருந்து கல் விழும் என்பதை 1732இல் கற்றறிந்தோர் பொதுவாக நம்பவில்லை. ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் க்ளாட்னி அதை வாதிட்டு எழுதியது 1794இல். பிரான்சின் லேகிள் ஊரில் கல்மழை பெய்ததை நேரில் சென்று விசாரித்த பிரெஞ்சு இயற்பியலாளர் பியோவின் அறிக்கைக்குப் பிறகே, அதாவது 1803இல்தான், அறிஞர்கள் பெரிதும் இசைந்தார்கள். ஆகவே உங்கள் கிராமத்தவர் கல் விழுந்ததைக் கண்ணால் பார்த்துச் சொல்லியிருந்தாலும், மருத்துவர்தான் அதைக் குடியானவர்களின் கட்டுக்கதை என்று தள்ளியிருப்பார். இதைப் பயன்படுத்தத் துணிவு இருந்தால் விண்கல்லை வைத்துக்கொள்ளுங்கள்: அந்த ஊரில் உண்மையான சான்றை அவர் மூடநம்பிக்கை என்று ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் அதை நீக்கிவிடுவதே நல்லது.

நீக்கினால், அதனினும் வளமான ஒரு கரு அறிக்கைக்குள்ளேயே கிடக்கிறது. காட்டேரியின் தொல்லையிலிருந்து தப்புவதற்காக அர்னோட் பாவ்லே அதன் கல்லறை மண்ணைத் தின்றான், அதன் ரத்தத்தைத் தன்மேல் பூசிக்கொண்டான். ஸ்தானாவும் அவ்வாறே ரத்தம் பூசிக்கொண்டவள். இதே காலத்தில் துருக்கிய ஆட்சிப் பகுதிகளில் அம்மை குத்தும் வழக்கம் இருந்தது. 1717இல் பெல்கிரேடு வழியாக துருக்கியின் ஆத்ரியானோபிள் நகருக்குச் சென்ற ஆங்கிலத் தூதரின் மனைவி லேடி மேரி வொர்ட்லி மாண்டகு, வெயில் தணிந்த செப்டம்பர் மாதத்தில் கிழவிகள் ஒரு கொட்டை ஓட்டில் அம்மைச் சீழைக் கொண்டுவந்து, ஊசியால் ரத்தக்குழாயைக் கீறி உடலுக்குள் செலுத்துவதை விவரித்து எழுதினார். 1721இல் லண்டனில் தன் மகளுக்கே அதைச் செய்வித்தார். நோயின் சிறு பகுதியை உடலில் ஏற்றுக்கொண்டு நோயை வெல்வது என்ற எண்ணம் அந்த நிலப்பரப்பில் புழங்கிக்கொண்டிருந்தது. கல்லறை மண்ணும் ரத்தமும் உங்கள் கதையில் உண்மையாகவே வேலை செய்யட்டும். பூசிக்கொண்டவர் உயிரோடு இருக்கும்வரை பாதுகாக்கப்படுகிறார், இறந்த பிறகே அதன் விலையைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஊரைக் காப்பதும் ஊரை அழிப்பதும் ஒரே மருந்தாகிவிடும். கிராமத்தின் பாதிப்பேர் அதை முன்பே பூசிக்கொண்டவர்கள் என்று தெரியவரும் அத்தியாயத்தை எண்ணும்போதே எனக்கு உடல் சிலிர்க்கிறது. கதைக்குத் தேவையான புனைவு இந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் வரலாற்றிலேயே இருக்கிறது.

கோட்டை வேண்டாம். மெத்வேஜா காவல்வீரர்களும் அவர்கள் குடும்பங்களும் வாழ்ந்த எல்லைக் கிராமம். 1718இல் பசரோவிட்ஸ் ஒப்பந்தத்தின்படி துருக்கியரிடமிருந்து ஆஸ்திரியாவுக்கு வந்த புதிய நிலம் அது. சாகசத்துக்கு வேண்டிய தடைகளை அந்த எல்லையே தரும். கொள்ளைநோய்க்கு அஞ்சிய ஆஸ்திரிய அரசு 18ஆம் நூற்றாண்டில் அந்த எல்லை நெடுகத் தடுப்பு நிலையங்களை அமைத்து, வருபவர்களை வாரக்கணக்கில் அடைத்துவைத்தது. கடிதங்களைத் துளையிட்டுப் புகை காட்டிய பிறகே உள்ளே விட்டார்கள். காவல் வளையத்தை மீறி நுழைபவர்களைச் சுட்டுவிட ஆணை இருந்தது. கடிதம் ஒன்று புகையில் கருகி, முக்கியமான ஒரு சொல் துளையில் போய்விட்ட நிலையில் உங்கள் மருத்துவரின் கைக்கு வந்து சேர்ந்தால், பாழடைந்த மண்டபமும் கதவு கிரீச்சிடுவதும் தேவைப்படாது.

முடிவைப் பற்றியும் கேட்கப்படாமலே ஒன்று சொல்கிறேன். 1739இல் பெல்கிரேடு ஒப்பந்தத்தால் அந்த நிலம் மீண்டும் துருக்கியரிடம் போயிற்று. 1755இல் சிலேசியாவில் இதுபோன்ற ஒரு விவகாரம் எழுந்தபோது, பேரரசி மரியா தெரேசா தன் மருத்துவர் கெரார்ட் ஃபான் ஸ்வீட்டனின் அறிவுரையைக் கேட்டு, பிணங்களைத் தோண்டி எரிக்கும் வழக்கத்தைச் சட்டத்தால் தடுத்தார். அந்தச் சட்டம் மெத்வேஜாவைத் தொடவில்லை. அறிக்கை ஒரு நாட்டில், இடுகாடு வேறு நாட்டில். உங்கள் மருத்துவர் முதியவராகி வியன்னாவில் அந்தச் சட்டத்தைப் படிக்கும் இடத்தில் நாவல் முடியலாம், அல்லது தொடங்கலாம்.

இப்போதைக்கு மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் திருத்தி எழுதுங்கள். அதில் ஸ்தானொய்காவைக் கொண்டுவாருங்கள். நலமாகப் படுக்கப் போன இருபது வயதுப் பெண், நள்ளிரவில் அலறி எழுந்து, ஒன்பது வாரங்களுக்கு முன் இறந்த மில்லோ தன் கழுத்தை நெரித்தான் என்று நடுங்கிக்கொண்டே சொல்லி, மூன்றாம் நாள் இறந்தாள். பதினெட்டு நாள் கழித்துத் தோண்டியபோது அவளுடைய வலது காதின் கீழே ஒரு விரல் நீளத்துக்கு நீலத் தழும்பு இருந்தது என்று ஃப்ளூக்கிங்கர் எழுதுகிறார். அவரைப் போலவே வயது, நாள், நீளம் மட்டும் சொல்லி அந்தக் காட்சியை எழுதிப் பாருங்கள். முடித்ததும் அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.