செக்வோயாத் தோப்பில் ரம்பம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2022 ஜூலையில் பற்றிய தீயிலிருந்து கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், செக்வோயா என்னும் பேருருவ ஊசியிலை மரங்கள் நிற்கும் மாரிபோசா தோப்பு பிழைத்ததற்கு, அங்கே பல்லாண்டுகளாகத் திட்டமிட்டுத் தீ வைத்து வந்ததே முக்கியக் காரணம் என்று எழுதியிருந்தீர்கள். நான் அதே மாநிலத்தின் ஃப்ரெஸ்னோவில் வசிப்பவன். ஈராயிரம் ஆண்டுகள் யாருடைய தயவும் இல்லாமல் நின்ற மரங்களை நாம் காப்பாற்றுவதாகச் சொல்வதே ஆணவமாகப் படுகிறது. பாதுகாக்கப்பட்ட காட்டில் மனிதர் கை வைக்கக்கூடாது என்பதுதானே முறை? தீயின் வேகத்தைக் குறைக்கவென்று இன்று சிறு மரங்களை வெட்ட ரம்பத்தோடு நுழைபவர்கள் நாளை பெரிய மரங்களுக்கும் வருவார்கள் என்கிறார்கள் என் சூழலியல் நண்பர்கள். செக்வோயாத் தோப்புகளில் எந்த மரத்தையும் வெட்டக்கூடாது என்று கோரும் மனு ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கையெழுத்திடலாமா?

வ.

அன்புள்ள வ.,

அந்த மரங்கள் ஈராயிரம் ஆண்டுகள் நின்றது உண்மை. தீ இல்லாமல் நிற்கவில்லை. பட்டுப்போன செக்வோயாக்களின் குறுக்குவெட்டில் ஆண்டு வளையங்களுக்கிடையே தீக்காயங்கள் கருவடுக்களாகப் பதிந்திருக்கின்றன. அவற்றை எண்ணிப் பார்த்தவர்கள், தோப்புகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையோ ஒன்றிரண்டு தசாப்தங்களுக்கு ஒருமுறையோ தரையோடு தவழும் சிறு தீ வந்துபோனதாகக் காட்டியிருக்கிறார்கள். சிலவற்றை மின்னல் வைத்தது. சிலவற்றை மோனோ முதலிய தொல்குடிகள் வைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் இந்த வடுக்கள் ஏறத்தாழ நின்றுபோகின்றன. தொல்குடிகள் துரத்தப்பட்டார்கள், தீயைப் பரப்பும் புல்லை ஆட்டுமந்தைகள் மேய்ந்து தீர்த்தன, பிறகு அரசே வந்து தீயை அணைக்கத் தொடங்கியது. 1935இல் அமெரிக்க வனத்துறை, கண்ணில் படும் எந்தத் தீயையும் மறுநாள் காலை பத்து மணிக்குள் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று விதியே வகுத்தது. ஆகவே நூறாண்டுகளாகக் காட்டில் கை வைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். நாம் செய்தது அணைக்கும் வேலை என்பதால் அது தலையீடாகத் தெரியவில்லை.

அதன் விளைவை ஒரே மரத்தடியில் பார்க்கலாம். செக்வோயாவின் பட்டை அறுபது சென்டிமீட்டர் வரை தடிக்கும். அதில் பிசின் மிகக் குறைவு. தரைத்தீ அதைக் கருக்கிவிட்டுப் போகுமே தவிர உள்ளே நுழைவது அரிது. ஆனால் நூறாண்டு தீ படாத இடத்தில் வேரைச் சுற்றி ஊசியிலையும் உதிர்ந்த பட்டையும் மக்காமல் மெத்தையாக ஏறிவிடுகின்றன. அது பற்றினால் நாள்கணக்கில் கனன்று வேரை வேகவைக்கும். அதற்கு மேல், நிழலில் முளைக்கும் வெள்ளை ஃபிர் என்ற ஊசியிலை மரங்கள் கீழ்க்கிளைகளை உதிர்க்காமல் நெருக்கமாக வளர்ந்து, தரையிலிருந்து செக்வோயாவின் உச்சிக்கு ஏணி வைத்ததுபோல நிற்கின்றன. 2012 முதல் 2016 வரையிலான வறட்சியும் வண்டுகளும் சேர்ந்து கலிஃபோர்னியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மரங்களைக் காயவைத்தபோது, அந்த ஏணிகளில் பலவும் உலர்ந்த விறகாயின. 2020இன் காஸல் தீ மட்டும் 7,500 முதல் 10,600 வரையிலான பெரிய செக்வோயாக்களைக் கொன்றதாகத் தேசியப் பூங்கா அமைப்பு மதிப்பிட்டது. அவற்றின் இயற்கை வாழிடத்திலிருந்த பெரிய மரங்களில் பத்து முதல் பதினான்கு விழுக்காடு அது. அடுத்த ஆண்டு மேலும் இரண்டாயிரத்துக்கும் அதிகமானவை போயின.

இந்த மரத்துக்குத் தீ தேவையும்கூட. பச்சைக் காய்கள் பல ஆண்டுகள் மூடியபடியே கிளையில் இருந்து, கீழிருந்து எழும் வெப்பத்தில் உலர்ந்து திறக்கின்றன. விதை வேர்பிடிக்கச் சருகு எரிந்து வெளிப்பட்ட மண் வேண்டும். உச்சிவரை எரியும் தீயில் காய்களும் சாம்பலாகிவிடுகின்றன.

மாரிபோசாவில் 1970களிலிருந்தே தரைத்தீயைத் திட்டமிட்டு வைத்து வந்தார்கள். 2022இல் வாஷ்பர்ன் தீ அங்கே நுழைந்தபோது அதற்கு ஏறிச்செல்லப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. தீயணைப்பாளர்கள் இருந்தார்கள், ‘கிரிஸ்லி ஜயன்ட்’ மரத்தடியில் நீர்த்தெளிப்பான்கள் ஓடின, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் அடியில் குவிந்த விறகு இல்லாததே அவர்களை அங்கே நின்று வேலை செய்ய விட்டது.

உங்கள் நண்பர்களின் சந்தேகத்தை நான் எள்ளமாட்டேன். செக்வோயாத் தோப்புகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்றாயிருந்த கான்வர்ஸ் பேசினைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மரக் கம்பெனிகள் ஏறத்தாழ முழுதாக வெட்டித் தீர்த்தன. விழும்போதே நொறுங்கும் அந்த மரத்தில் பெரும்பகுதி வேலிக்கம்புக்கும் கூரை வேயும் மரச்சில்லுக்கும்தான் உதவியது. இதைப் பார்த்த ஊரில் ரம்பச் சத்தம் கேட்டால் காது நிமிரத்தான் செய்யும். 2022இல் யோசெமிட்டியில் மரம் வெட்டும் திட்டத்தை எதிர்த்து ஒரு சூழல் அமைப்பு நீதிமன்றத்துக்குப் போனதற்கும் இந்த அச்சமே அடிப்படை. சிறு மரங்களை வெட்டுவது செலவு, பெரிய மரங்களை வெட்டுவது வரவு. செலவை வரவால் ஈடுகட்டலாம் என்று எந்த அலுவலகத்தில் யார் சொன்னாலும் அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. மேலும், வெட்டிய கிளைகளை அப்படியே தரையில் விட்டுவிட்டுப் போனால் தீக்குத் தீனி கூடவே செய்யும். என் நிலை இதுதான்: தீயே உரிய கருவி, ஏணி மிகவும் அடர்ந்து, தீ வைத்தால் உச்சிக்குப் பாயும் என்ற இடத்தில் மட்டும் முதலில் ரம்பம், அதைத் தொடர்ந்து தீ.

இதை எல்லா முதுகாடுகளுக்கும் நீட்டக்கூடாது. வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்களில் காஸ்கேட் மலைகளின் மேற்கே உள்ள ஈரமான டக்ளஸ் ஃபிர் காடுகளில் பெருந்தீ நூற்றாண்டுகளுக்கு ஒருமுறைதான் இயல்பாகவே வரும். அங்கே மரங்களைக் குறைத்தால் வெயிலும் காற்றும் புகுந்து தரை உலர்வதே மிச்சம்.

வைத்த தீ கைமீறலாம் என்பதும் உண்மை. 2022 ஏப்ரலில் நியூ மெக்ஸிகோவில் வனத்துறை வைத்த தீ தப்பி, அம்மாநில வரலாற்றின் மிகப் பெரிய காட்டுத்தீயாகி, 3,40,000 ஏக்கருக்கும் மேல் எரித்தது. செக்வோயாக்கள் வளரும் சியரா நெவாடா மலைகளில் இந்த வேலை மந்தமாக நடக்க இத்தகைய அச்சமும் ஒரு காரணம். புகை பற்றிய விதிகளும், ஏற்ற ஈரமும் காற்றும் அமையும் நாள்கள் குறைவாக இருப்பதும் மற்றவை.

எதையும் வெட்டக்கூடாது என்ற மனுவில் நான் கையெழுத்திடமாட்டேன். எத்தனை அங்குலச் சுற்றளவுக்கு மேற்பட்ட மரத்தைத் தொடக்கூடாது, வெட்டியது ஆலைக்குப் போகிறதா அங்கேயே குவித்து எரிக்கப்படுகிறதா, வெட்டியபின் எந்தப் பருவத்துக்குள் தரைத்தீ வைக்கப்படும் என்ற மூன்றையும் திட்டத்திலேயே எழுதிவைக்கக் கோரும் மனுவாக அதை உங்கள் நண்பர்கள் மாற்றினால், எனக்கும் ஒரு படி அனுப்புங்கள்.