1000 கஜத்தில் குண்டு இடப்பக்கமே போகிறதா?

இங்கிலாந்தின் பிஸ்லியில் உள்ள ஸ்டிக்கிள்டவுன் சுடுதளத்தில், வலப்பக்கக் காற்றுக்கு சைட்டை (குறிபார்க்கும் கருவியை) திருகியும் .308 ரைஃபிள் குண்டுகள் இடப்பக்கமே விழுகின்றன என்கிறீர்கள். இலக்கருகே உள்ள காற்றுக் கொடியை மட்டும் பார்ப்பதுதான் கோளாறு என்று தோன்றுகிறது. உங்கள் பக்கத்துக் காற்றுதான் அதிகம் படுத்தும். ஆரம்பத்தில் தள்ளப்பட்ட குண்டு அந்தச் சாய்வோடுதான் மிச்ச தூரமும் போகும். நானும் கடைசிக் கொடியை நம்பி ஒரு மதியம் முழுக்கக் கோட்டைவிட்டவன்தான்.

ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் (இலக்கைப் பார்க்கும் தொலைநோக்கியில்) ஃபோகஸை இலக்குக்குக் கொஞ்சம் முன்னால் இழுங்கள், வழியில் கானல் ஓடுவது தெரியும். அது நேராக மேலே கொதித்தால் பொறுங்கள்; பக்கக் காற்று ஓய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் எழும் என்று சொல்ல முடியாது. சுடும் கோட்டுக்கு 30 பாகையில் வரும் காற்றுக்கு, நேர் பக்கக் காற்றுக்குச் செய்வதில் பாதித் திருத்தம், 45 என்றால் சுமார் 70 சதவீதம். அப்புறம், அந்தத் தூரத்தில் ஒரு மினிட் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்பது பத்தரை அங்குலம், மறக்காதீர்கள்.