மினி வேனில் வந்த குஞ்சுகள்

கேள்வி: எங்களுக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். ஐப்பசியில் மினி வேனில் வந்த ஒருவரிடம் 'நாட்டுக்கோழிக் குஞ்சு' என்று 25 வாங்கினேன், ஒன்று 40 ரூபாய். எல்லாம் ஒரே மஞ்சள் நிறம். அட்டைப்பெட்டியில் விட்டு எல்.இ.டி. பல்பு தொங்கவிட்டேன். பத்து நாளில் 17 செத்துவிட்டன. போன் செய்தால் "உங்களுக்கு வளர்க்கத் தெரியவில்லை" என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? மறுபடி எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பாதித் தப்பு அவருடையது, பாதி உங்கள் பல்புடையது. எல்.இ.டி. வெளிச்சம் தரும், சூடு தராது. முதல் வாரம் குஞ்சு நிற்கிற இடம் சுமார் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைத்துக்கொண்டு வரலாம். அதற்குப் பழைய குண்டு பல்புதான் சரி. குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்கிறது, பெட்டியின் ஓரத்துக்கு ஒதுங்கினால் சூடு அதிகம். இதற்குத் தெர்மாமீட்டர்கூட வேண்டாம்.

அவர் பங்குக்கு வருவோம். நாட்டுக்கோழி ஒரு அடையில் பொரித்தால் கறுப்பு, பழுப்பு, முதுகில் கோடு போட்டது என்று கலந்துதான் வரும். 25-உம் ஒரே மஞ்சள் என்றால், முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் கழித்துவிடும் சேவல் குஞ்சுகளாக இருக்கலாம். சாயம் பூசித் தெருவில் விற்பதும் பெரும்பாலும் அவைதான். மிச்சமிருக்கும் எட்டும் வளர்ந்து கூவினால் சந்தேகம் தீர்ந்துவிடும்!

பணம் கிடைப்பது கஷ்டம். சட்டப்படி நீங்கள் நுகர்வோர்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. ஆனால் பில் இல்லை, செத்த குஞ்சைக் கால்நடை மருத்துவமனையில் காட்டிக் காரணம் எழுதி வாங்கவும் இல்லை. பணம் அனுப்பிய செல்போன் பதிவு இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசிப் பாருங்கள். ஆயிரம் ரூபாய்க்கு அதற்கு மேல் அலைய வேண்டாம் என்பது என் எண்ணம்.

மறுபடி குஞ்சாக வாங்காதீர்கள். தை பிறக்கட்டும், தரை காயட்டும். ஏற்கெனவே ஒரு தடவை குஞ்சு வளர்த்த தாய்க்கோழி இரண்டை, தெரிந்த வீட்டில் கேட்டு வாங்குங்கள். சந்தை வேண்டாம்; ஊரில் கழிச்சல் நோய் கண்டதும் பலர் கோழியை அவசரமாகக் கொண்டுவந்து தள்ளும் இடம் அது. வாங்கும்போது வால் பக்கம் தூக்கிப் பாருங்கள், வெள்ளையாக ஒட்டியிருந்தால் வேண்டாம். கண்ணில், மூக்கில் நீர் வடிந்தாலும் வேண்டாம். கொண்டுவந்த கோழியை மூன்று வாரம் அந்த எட்டோடு சேர்க்காமல் வையுங்கள்.

வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) வந்தபின் மருந்து கிடையாது, தடுப்பு மட்டும்தான். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் ஊசி. தடுப்பு மருந்து நூறு, இருநூறு கோழிக்கான புட்டியாக வரும், கலக்கினால் ஓரிரு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். அதனால் தெருவில் நாலு வீடு சேர்ந்து கால்நடை மருந்தகத்தில் நாள் கேட்டுப் போங்கள்.

கூண்டை மேட்டில் போட்டு, உமியை நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். நம் பக்கம் அதற்கா பஞ்சம்? நனைந்த உமியை அன்றே மாற்றுங்கள், ரத்தக்கழிச்சல் ஈரத்தில்தான் பெருகும்.

கேள்வி: பாபநாசத்தில் பத்துப் பெட்டைக்கோழி வைத்திருக்கிறேன். மைத்துனர் 50 முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 21 நாள், 37.5 டிகிரி, நடுவில் கரண்ட் போனால் பேட்டரி, பொரித்தபின் மறுபடி பல்பு. அடைக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டையில் உட்கார்ந்து இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும். ஒரு வாரத்துக்கு உட்பட்ட, ஃபிரிட்ஜில் வைக்காத முட்டையாக எடுத்து வையுங்கள். மாதாமாதம் குஞ்சு விற்கத் தொடங்கினால் அப்போது பார்க்கலாம். அன்றைக்கும் வாரன்டி எழுதிய பில்லோடு வாங்குங்கள். சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் கெட்டால் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ மாற்றித் தர ஆள் உண்டா என்று மைத்துனரையே விசாரிக்கச் சொல்லுங்கள்.